மருந்துக் காளான்களில் கன உலோகங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரெய்ஷி, கார்டிசெப்ஸ், சாகா, லயன்ஸ் மேன், டர்க்கி டெயில் என்று பல பெயர்களில் மருந்துக் காளான்கள் இன்று பொடியாகவும் காப்ஸ்யூலாகவும் காபித் தூளில் கலந்தும் விற்கின்றன. அவற்றை வாங்கிச் சாப்பிடுபவர்களும், சிறிய அளவில் வளர்த்து விற்பவர்களும் ஈயம், காட்மியம், ஆர்சனிக், பாதரசம் பற்றிக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். காளானின் பெயரை மட்டும் வைத்து ஆபத்தை அளக்க முடியாது. அது எதில் வளர்ந்தது, எந்தத் தயாரிப்புத் தொகுதியைச் (பேட்ச்) சேர்ந்தது, தினமும் எத்தனை கிராம் உள்ளே போகிறது என்ற மூன்றும் தெரிய வேண்டும்.

காளானுக்குள் கன உலோகம் எப்படிப் போகிறது?

நாம் பறிப்பது காளானின் குடையையும் தண்டையும் மட்டுமே. அதன் உடல் என்பது மண்ணுக்குள்ளோ மரத்துக்குள்ளோ பரவிக் கிடக்கும் பூசண இழைகள். இவை ஆக்சாலிக் அமிலம் போன்றவற்றைச் சுரந்து, சுற்றியுள்ள பொருளைக் கரைத்து உறிஞ்சுகின்றன. இரும்பு, துத்தநாகம், தாமிரம் ஆகியவை காளானுக்குத் தேவை. அவை நுழையும் அதே வழியில் காட்மியமும் நுழைந்துவிடுகிறது. உள்ளே போன உலோகத்தைக் கந்தகம் நிறைந்த சிறு புரதங்கள் கட்டிப்போட்டுவிடுவதால் காளானுக்குச் சேதம் இல்லை. வாடாமல், நிறம் மாறாமல், செழிப்பாகவே இருக்கும். அதனால் கண்ணால் பார்த்தோ, முகர்ந்தோ, ருசித்தோ கண்டுபிடிக்க வழியில்லை.

குடைப்பகுதியில் தண்டைவிடப் பொதுவாக அதிகம் சேரும். குடைக்கு அடியில் செவுள் போன்ற மடிப்புகளோ நுண்துளைகளோ இருக்கும் அடுக்கில் இன்னும் அதிகம்.

எந்தக் காளானில் எது அதிகம்?

மண்ணிலும் மட்கிய உரத்திலும் வளர்பவை ஒரு பக்கம், மரத்தில் வளர்பவை இன்னொரு பக்கம் என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். ரெய்ஷி, டர்க்கி டெயில், லயன்ஸ் மேன், சாகா எல்லாம் மரம் தின்னிகள். சுத்தமான மரத்தில் கன உலோகம் குறைவு என்பதால் இவற்றிலும் பொதுவாகக் குறைவாகவே இருக்கும். ஆனால் அந்த மரம் உருக்காலைப் பக்கத்திலோ நெடுஞ்சாலை ஓரத்திலோ நின்றிருந்தால் இந்தக் கணக்கு செல்லாது.

அகாரிகஸ் இனம் இதற்கு நேர்மாறு. மருந்துக் காளானாக விற்கும் அகாரிகஸ் பிளேசி, அதாவது பிரேசிலிலிருந்து ஜப்பானுக்குப் போய்ப் புகழ்பெற்ற வாதுமை மணக் காளான், காட்மியத்தைத் தேடிப்பிடித்துச் சேர்க்கும் குணம் கொண்டது. உரத்திலும் மேல்மண்ணிலும் சிறிதளவு காட்மியம் இருந்தாலும் போதும், காய்ந்த பொடியில் ஒரு கிலோவுக்குப் பல மில்லிகிராம் வரை ஏறிவிடும். ஒரே பண்ணையில் பக்கத்துப் படுக்கையில் வளரும் சிப்பிக் காளானில் இந்த அளவு வராது. ஆகவே இந்த ஒரு காளானுக்கு மட்டும், காட்மிய எண்ணைப் பார்க்காமல் வாங்கவே வேண்டாம்.

ஷிட்டாக்கே என்ற சமையல் காளானும் மற்ற மரக் காளான்களைவிடக் காட்மியத்தைச் சற்றுக் கூடுதலாக எடுக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் உணவு வரம்பே இதைக் காட்டுகிறது. பண்ணையில் வளர்க்கும் பொதுவான காளானுக்குப் பச்சை எடையில் கிலோவுக்கு 0.05 மி.கி காட்மியம், ஷிட்டாக்கேக்கும் சிப்பிக் காளானுக்கும் 0.15, காட்டுக் காளானுக்கு 0.5.

சாகாவில் கவலைப்பட வேண்டியது வேறு இரண்டு. செர்னோபில் விபத்தின் சீசியம்-137 படிந்த வடக்குக் காடுகளிலிருந்து வரும் சரக்குக்குக் கதிரியக்கச் சோதனை தேவை. இரண்டாவது, சிறுநீரகத்தில் படிகமாகப் படியக்கூடிய ஆக்சலேட் என்ற உப்பு அதில் மிக அதிகம். ஜப்பானில் கல்லீரல் புற்றுநோய் இருந்த 72 வயதுப் பெண் ஒருவர் ஆறு மாதம் தினமும் 4, 5 தேக்கரண்டி சாகா பொடி சாப்பிட்டுச் சிறுநீரகம் பழுதானது 2014இல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. கன உலோகச் சான்றிதழ் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் இந்த ஆபத்து அப்படியேதான் இருக்கும்.

இமயமலைக் கார்டிசெப்ஸில் ஆர்சனிக் என்பது உண்மையா?

உண்மைதான். நேபாளத்தில் யார்சாகும்பா, உத்தராகண்டில் கீடா ஜடி என்று சொல்லப்படும் இது, மண்ணுக்குள் வாழும் அந்துப்பூச்சிப் புழுவைக் கொன்று அதன் தலையிலிருந்து முளைக்கும் பூஞ்சை. திபெத், நேபாளம், பூடான், உத்தராகண்ட் மலைகளில் சுமார் 3,500 முதல் 5,000 மீட்டர் உயரத்தில் கிடைக்கிறது. புழு ஆண்டுக்கணக்கில் மண்ணுக்குள்ளேயே வேர் தின்று வளர்கிறது. அந்த மண்ணின் ஆர்சனிக் புழுவின் உடலில் சேர்கிறது. மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பூஞ்சைத் தண்டைவிடப் புழு உடலில்தான் அளவு அதிகம்.

சீனாவின் உணவு, மருந்து நிர்வாகம் 2016 பிப்ரவரியில் நுகர்வோருக்கு ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. தான் சோதித்த கார்டிசெப்ஸ், அதன் பொடி, மாத்திரைகளில் கிலோவுக்கு 4.4 முதல் 9.9 மி.கி வரை ஆர்சனிக் இருந்தது, ஆரோக்கிய உணவுகளுக்கான வரம்போ 1.0 மி.கி, நீண்ட நாள் சாப்பிட்டால் அதிகப்படியான ஆர்சனிக் உள்ளே போகும் என்று அதில் சொன்னது. இதை ஆரோக்கிய உணவின் மூலப்பொருளாகப் பயன்படுத்த 2012இல் தொடங்கிய சோதனைத் திட்டத்தையும் அந்த மாதமே நிறுத்தியது.

இதற்கு ஒரு மறுப்பு சொல்லப்படுகிறது: அந்த எண் மொத்த ஆர்சனிக், அதில் எவ்வளவு கனிம ஆர்சனிக் என்று பார்க்க வேண்டாமா என்று. நியாயமான கேள்வி. அதிக நஞ்சுள்ளது கனிம ஆர்சனிக்தான். மீனில் இருக்கும் ஆர்சனோபீட்டெய்ன் போன்ற கரிம வடிவங்கள் பெரும்பாலும் அப்படியே சிறுநீரில் வெளியேறிவிடும். ஆனால் வடிவம் பிரித்துச் சோதித்த சான்றிதழை நீட்ட வேண்டிய பொறுப்பு விற்பவருடையது. அது கையில் இல்லாதவரை மொத்த அளவையே கனிமம் என்று எடுத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு.

இதைவிடக் கொடிய இன்னொன்றும் நடந்திருக்கிறது. தங்கத்தைப் போல நிறுத்து விற்கும் பொருள் என்பதால் எடை கூட்ட ஈயம் கலக்கிறார்கள். தைவானில் கார்டிசெப்ஸ் பொடி சாப்பிட்ட இருவருக்கு ஈய நஞ்சேற்றம் ஏற்பட்டது 1996இல் வெளியானது. ஒருவருடைய இரத்தத்தில் டெசிலிட்டருக்கு 130 மைக்ரோகிராம் ஈயம். பொடியில் 20,000 பிபிஎம், அதாவது எடையில் 2 சதவீதம் ஈயம் இருந்தது. மற்றவருக்கு அளவு 46. அவருக்கு வெளிப்படையான அறிகுறி எதுவுமே இல்லை.

நம் ஊரில் ஜாடிகளில் வளர்க்கும் ஆரஞ்சு நிறக் கார்டிசெப்ஸும் அப்படித்தானா?

இல்லை. அது கார்டிசெப்ஸ் மிலிட்டாரிஸ் என்ற வேறு இனம். புழுவும் மலை மண்ணும் இல்லாமல், கண்ணாடி ஜாடியில் பெரும்பாலும் பழுப்பரிசிச் சாதத்தின் மேல் வளர்க்கிறார்கள். இங்கே பார்க்க வேண்டியது அரிசியை. நெல் ஆர்சனிக்கை எளிதாக எடுக்கும் பயிர். அதுவும் தவிட்டு அடுக்கில் அதிகம் தங்குவதால் பழுப்பரிசியில் வெள்ளை அரிசியைவிடக் கூடுதல். மேற்கு வங்கம் போன்ற ஆர்சனிக் நிலத்தடி நீர்ப் பகுதி அரிசி என்றால் இன்னும் கவனம் தேவை.

பறித்த ஆரஞ்சுத் தண்டுகளை மட்டும் காயவைத்து விற்பதற்கும், அடியிலுள்ள அரிசிக் கட்டியையும் சேர்த்து அரைத்து விற்பதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. பின்னதில் நீங்கள் வாங்குவதில் பெரும்பகுதி மாவுதான். அயோடின் கரைசல் ஒரு சொட்டு விட்டால் கருநீலமாக மாறும்.

தென்னை மர அடியில் வரும் ரெய்ஷி மாதிரிக் காளானைப் பறித்துக் கஷாயம் போடலாமா?

வேண்டாம். தென்னையின் தூரில் அரைவட்டமாக, வார்னிஷ் பூசியது போல் மின்னும் அந்தக் காளான், தஞ்சாவூர் வாடல் நோய் என்கிற அடித்தண்டழுகல் நோயின் அடையாளம். 1952 புயலுக்குப் பிறகு தஞ்சைப் பகுதியில் பரவலாகக் கவனிக்கப்பட்ட நோய் இது. ரெய்ஷியைப் போல இதுவும் கனோடெர்மா பேரினம்தான், ஆனால் கடையில் விற்கும் ரெய்ஷியும் அதுவும் ஒரே இனமா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

இனத்தைவிட முக்கியமான விஷயம் அந்த மரத்துக்கு நடந்த வைத்தியம். இந்த நோய்க்கு மரத்துக்கு 40 லிட்டர் வீதம் 1 சதவீத போர்டோ கலவையைத் தூரைச் சுற்றி ஊற்றுவது வழக்கம். போர்டோ கலவை என்பது மயில்துத்தமும் சுண்ணாம்பும், அதாவது தாமிரம். வேர் மூலமாக ஆரியோபங்கின்-சால் 2 கிராம், மயில்துத்தம் 1 கிராம், 100 மி.லி தண்ணீர் என்றோ பையில் கட்டுவார்கள். இந்தியாவில் 2018இல் தடை செய்யப்படும் வரை டிரைடிமார்ஃப் என்ற பூசணக்கொல்லியையும் கட்டினார்கள். வேறு பூச்சிக்காக மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிக்கொல்லி கட்டிய மரமாகவும் இருக்கலாம். இத்தனையும் இறங்கிய இடத்தில் முளைத்ததைக் கொதிக்கவைத்துக் குடிப்பதில் எந்தப் பயனும் இல்லை.

காட்டுக் காளானுக்கும் இதே எச்சரிக்கை உண்டு. கொடைக்கானலில் 2001இல் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலையைச் சுற்றியுள்ள மண்ணிலும் பாசியிலும் பாதரசம் பதிவாகியிருக்கிறது. அந்தச் சரிவுகளில் காளான் பறிக்காதீர்கள்.

அனுமதிக்கப்பட்ட அளவு எவ்வளவு?

நாட்டுக்கு நாடு வேறுபடும். இந்தியாவில் ஆயுர்வேத மருந்துகளுக்கான வரம்பு ஈயம் 10, ஆர்சனிக் 3, காட்மியம் 0.3, பாதரசம் 1 பிபிஎம். பிபிஎம் என்பதும் கிலோவுக்கு மில்லிகிராம் என்பதும் ஒன்றே. ஐரோப்பிய ஒன்றியத்தில் உணவுச் சப்ளிமென்ட்டுகளுக்கு ஈயம் 3, காட்மியம் 1, பாதரசம் 0.1. சீன மருந்து நூலின் 2020 பதிப்பில் பொதுவாக ஈயம் 5, காட்மியம் 1, ஆர்சனிக் 2, பாதரசம் 0.2.

இந்தப் பட்டியல்களைவிட நம்பத்தக்கது நாள் அளவு. மருந்துகளுக்கான சர்வதேச வழிகாட்டுதல் வாய்வழி மருந்தில் ஒரு நாளைக்கு ஈயம் 5, காட்மியம் 5, கனிம ஆர்சனிக் 15, பாதரசம் 30 மைக்ரோகிராம் என்று வைத்திருக்கிறது. இந்தக் கண்ணால் பாருங்கள்: ஈயம் 10 பிபிஎம் உள்ள பொடி இங்கே சட்டப்படி தேறிவிடும். ஆனால் தினமும் 3 கிராம் சாப்பிட்டால் 30 மைக்ரோகிராம் ஈயம், சர்வதேச நாள் அளவைப்போல ஆறு மடங்கு. "வரம்புக்குள் இருக்கிறது" என்ற வாசகம் மட்டும் போதாது என்பது இதனால்தான்.

நான் எவ்வளவு உட்கொள்கிறேன் என்று நானே கணக்கிட முடியுமா?

முடியும், எளிது. சான்றிதழில் உள்ள மி.கி/கி.கி எண்ணை நீங்கள் தினமும் சாப்பிடும் கிராமால் பெருக்குங்கள். விடை ஒரு நாளைக்கு எத்தனை மைக்ரோகிராம் என்று வரும். காப்ஸ்யூல் என்றால் ஒன்றில் எத்தனை மில்லிகிராம் பொடி, நாளைக்கு எத்தனை காப்ஸ்யூல் என்பதைப் பெருக்கிக் கிராமாக மாற்றிக்கொள்ளுங்கள்.

காட்மியம் 1 மி.கி/கி.கி உள்ள பொடி, நாளைக்கு 3 கிராம் என்றால் 3 மைக்ரோகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு வாரத்துக்கு உடல் எடை கிலோ ஒன்றுக்கு 0.35 மைக்ரோகிராம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வார வரம்பு 2.5. பொடி மட்டும் அதில் 14 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. குறைவுதானே என்று தோன்றும். அரிசி, கோதுமை, கீரை, கிழங்கு எல்லாவற்றிலிருந்தும் ஏற்கெனவே காட்மியம் வந்துகொண்டிருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. புகைபிடிப்பவருக்கு அதற்கு மேலும்.

இமயக் கார்டிசெப்ஸை 3 கிராம் வீதம் எடுத்தால், மேலே சொன்ன 4.4, 9.9 என்ற எண்களின்படி நாளைக்கு 13 முதல் 30 மைக்ரோகிராம் மொத்த ஆர்சனிக்.

பச்சை எடை, காய்ந்த எடைக் குழப்பத்திலும் விழாதீர்கள். புதுக் காளானில் சுமார் 90 சதவீதம் தண்ணீர். காய்ந்தால் அதே உலோகம் பத்தில் ஒரு பங்கு எடைக்குள் அடங்கிவிடும். புதுக் காளானின் வரம்பைக் காட்டிப் பொடியைக் குறை சொல்வதும், பொடியின் வரம்பைக் காட்டிப் புதுக் காளானுக்கு நற்சான்று தருவதும் இரண்டுமே தவறு.

ஆய்வுக் கட்டுரைகளில் "ஆபத்துக் குறியீடு 1க்குக் கீழ், எனவே பாதுகாப்பானது" என்று வருகிறதே?

அந்தக் குறியீடு ஒரு வகுத்தல் கணக்கு. உடல் எடை கிலோவுக்கு ஒரு நாளைக்கு உள்ளே போகும் அளவை, தீங்கில்லை என்று கருதப்படும் மேற்கோள் அளவால் வகுப்பது. கீழே போடும் எண் தவறினால் விடையும் தவறிவிடும்.

பெரிய சிக்கல் ஈயத்தில்தான். பல கட்டுரைகள் ஈயத்துக்கு 3.5 மைக்ரோகிராமை மேற்கோளாக வைக்கின்றன. உணவுச் சேர்க்கைப் பொருள்களுக்கான உலக நிபுணர் குழு முன்பு வைத்திருந்த வாரத்துக்கு 25 மைக்ரோகிராம் என்ற வரம்பை ஏழால் வகுத்து வந்த எண் அது. ஈயத்துக்குப் பாதுகாப்பான கீழ் எல்லை காட்ட முடியவில்லை என்று அந்தக் குழு 2010இல் அந்த வரம்பையே திரும்பப் பெற்றுவிட்டது. திரும்பப் பெற்ற எண்ணால் வகுத்துப் "பாதுகாப்பு" என்று முடிவு சொல்வதை ஏற்க முடியாது.

ஆர்சனிக்கிலும் மாற்றம் வந்திருக்கிறது. பெரும்பாலான கட்டுரைகளில் உள்ள மேற்கோள் 0.3 மைக்ரோகிராம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் 2025 ஜனவரியில் கனிம ஆர்சனிக்குக்கு அதை 0.06 ஆகக் குறைத்தது. 60 கிலோ எடையுள்ளவர் நாளைக்கு 13 மைக்ரோகிராம் எடுக்கிறார், முழுவதும் கனிமம் என்று வைத்துக்கொண்டால், பழைய மேற்கோளில் குறியீடு 0.7. புதியதில் 3.6. சாப்பிட்டது ஒன்றே, தீர்ப்பு தலைகீழ்.

கட்டுரை படிக்கும்போது நாளைக்கு எத்தனை கிராம் என்று எடுத்திருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். சமையலுக்கான காளான் கணக்கை மருந்துப் பொடிக்குப் போட்டிருப்பார்கள், அல்லது மாறி.

இவை உடலில் என்ன செய்யும்?

காட்மியம் சிறுநீரகத்தில் தங்கும். அங்கே அதன் அரை ஆயுள் 10 முதல் 30 ஆண்டுகள். ஆகவே தினமும் சிறிதளவு என்பது ஆண்டுக்கணக்கில் கூடிக்கொண்டே போகும். சிறுநீரக நுண்குழாய்கள் பழுதாகும், எலும்பு வலுவிழக்கும். ஜப்பானின் தொயாமாவில் ஜின்சூ ஆற்று நீர் பாய்ந்த வயல்களின் அரிசியைச் சாப்பிட்டவர்களுக்கு வந்த இத்தாய் இத்தாய் நோய் இதன் உச்சம்.

ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், பெரியவர்களுக்கு இரத்த அழுத்தத்தை உயர்த்தும். எலும்பில் பல்லாண்டு பதுங்கியிருந்து, கர்ப்ப காலத்தில் மீண்டும் இரத்தத்துக்கு வரும். கனிம ஆர்சனிக் நீண்ட நாள் போனால் தோலில் கரும்புள்ளிகள், உள்ளங்கை தடிப்பு, பிறகு தோல், நுரையீரல், சிறுநீர்ப்பைப் புற்றுநோய். பாதரசத்தில் கனிம வடிவம் சிறுநீரகத்தையும் மெத்தில் வடிவம் நரம்பு மண்டலத்தையும் தாக்கும்.

யார் கட்டாயம் தவிர்க்க வேண்டும்?

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், குழந்தைகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள். அடுத்து, இரத்தசோகை உள்ள பெண்கள். உடலில் இரும்பு குறைந்தால் குடல் இரும்பைப் பிடிக்கும் வாயில்களை அதிகமாக்கும். காட்மியமும் அதே வாயில்களில் நுழையும். இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் இரத்தசோகை இருப்பதால் இது நம் வீடுகளுக்கு நேரடியாகப் பொருந்தும். களைப்பு நீங்கும் என்று காளான் பொடி வாங்குபவர் முதலில் ஹீமோகுளோபினும், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்த்துக்கொள்வது நல்லது.

விற்பவர் தரும் சோதனைச் சான்றிதழில் என்ன பார்க்க வேண்டும்?

டப்பாவில் உள்ள தொகுதி எண்ணும் சான்றிதழில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். போன வருடச் சான்றிதழை இந்த வருடச் சரக்குக்குக் காட்டுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. நான்கு உலோகங்களும் தனித்தனியாக, எண்ணாக இருக்க வேண்டும். "தேர்ச்சி" என்று மட்டும் இருந்தால் பயனில்லை. சோதனை முறை, ஒவ்வொரு உலோகத்தையும் மிக நுண்ணிய அளவிலும் தனியே அளக்கும் ஐசிபி-எம்எஸ் என்று இருக்க வேண்டும். ஆய்வகத்துக்கு என்ஏபிஎல் (இந்தியாவின் ஆய்வக அங்கீகார வாரியம்) அங்கீகாரம் இருந்தால் மட்டும் போதாது. அந்த அங்கீகாரத்தின் பட்டியலில் இந்த நான்கு உலோகங்களும் உள்ளனவா என்று என்ஏபிஎல் தளத்தில் பார்த்துவிடலாம்.

"கண்டறியப்படவில்லை" என்று போட்டிருந்தால், எந்த அளவுக்குக் கீழ் என்று கேளுங்கள். கருவியின் அளவீட்டு எல்லை 0.5 பிபிஎம், காட்மிய வரம்போ 0.3 என்றால் அந்த வாசகத்துக்கு அர்த்தமே இல்லை.

"கன உலோகங்கள் மொத்தம், ஈயமாகக் கணக்கிட்டு: 20 பிபிஎம்முக்குக் கீழ்" என்ற ஒற்றை வரி வந்தால் அது பழைய சல்ஃபைடு நிறச் சோதனை. சாம்பலாக்கும்போதே பாதரசம் ஆவியாகிப் போய்விடும், மீதியையும் நிறம் பார்த்துக் குத்துமதிப்பாகச் சொல்வது. அமெரிக்க மருந்து நூல் இந்தச் சோதனையை 2018 ஜனவரி 1 முதல் நீக்கிவிட்டது.

பொடியைவிட எக்ஸ்ட்ராக்ட் (கரைத்து எடுத்த சாறு) சுத்தமானதா?

அப்படிச் சொல்ல முடியாது. 10:1 எக்ஸ்ட்ராக்ட் என்றால் 10 கிலோ காளானிலிருந்து ஒரு கிலோ. மூலப்பொருளில் கிலோவுக்கு 0.2 மி.கி காட்மியம் இருந்து அத்தனையும் கரைந்து வந்தால் எக்ஸ்ட்ராக்டில் 2 மி.கி. உண்மையில் ஒரு பகுதி சக்கையிலேயே நின்றுவிடும். எந்த அளவு என்பது உலோகத்தையும் கரைப்பானையும் பொறுத்தது. மூலப்பொருளின் சான்றிதழை எக்ஸ்ட்ராக்டுக்குக் காட்டினால் ஏற்காதீர்கள், முடிந்த பொருளையே சோதித்திருக்க வேண்டும்.

நன்றாகக் கழுவினால், ஊறவைத்தால் போகுமா?

மேலே ஒட்டிய தூசும் அதிலுள்ள ஈயமும் போகும். திசுவுக்குள் புரதத்தோடு கட்டுண்டது போகாது. கொதிக்கவைத்து நீரைக் கொட்டினால் கொஞ்சம் குறையும், ஆனால் மருந்துக் காளானில் எல்லோரும் அந்த நீரைத்தானே குடிக்கிறார்கள்.

காளான் உடலிலுள்ள கன உலோகத்தை வெளியேற்றும் என்கிறார்களே?

காளான் பொடி கழிவுநீரிலிருந்து உலோகத்தைப் பிடிக்கும் என்பது சோதனைக் குழாயில் நிரூபணமான விஷயம். சிறுநீரகத்திலும் எலும்பிலும் உட்கார்ந்துவிட்ட உலோகத்தை அது வெளியே இழுக்கும் என்பதற்கு இதை ஆதாரமாகக் காட்ட முடியாது. உலோகத்தை எளிதில் பிடிக்கும் பொருள் தோட்டத்திலும் அதைப் பிடித்துவைத்திருக்கும். "டீடாக்ஸ்" என்று எழுதிய டப்பாவுக்குத்தான் சோதனைச் சான்றிதழை முதலில் கேட்க வேண்டும்.

வளர்ப்பவர்கள் என்ன செய்ய வேண்டும்?

மரத்தூளிலிருந்து தொடங்குங்கள். ஒரே மரத்தை அறுக்கும் மில்லிலிருந்து பச்சை மரத் தூள் வாங்குங்கள். ப்ளைவுட், பழைய கதவு, ஜன்னல், பெயின்ட் அடித்த பலகை அறுத்த இடத்துத் தூள் வேண்டாம். கரையானுக்காகக் குரோமியம், தாமிரம், ஆர்சனிக் கலந்து பதப்படுத்திய மரம் லேசான பச்சை நிறத்தில் இருக்கும். அதன் தூள் ஒரு கூடை விழுந்தாலே மொத்தத் தொகுதியும் வீண்.

வைக்கோல் எந்த வயலிலிருந்து வருகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். பாலாற்றுப் படுகையில் தோல் ஆலைக் கழிவால் குரோமியம் ஏறிய நிலங்கள் உண்டு. ஜிப்சம் வாங்கும்போது சுரங்க ஜிப்சமா, உர ஆலையின் பாஸ்போ ஜிப்சமா என்று கேளுங்கள். பின்னதில் பாஸ்பேட் பாறையின் காட்மியமும் ரேடியமும் ஒட்டிக்கொண்டு வரும். அதே காரணத்துக்காகச் சூப்பர் பாஸ்பேட்டும் வேண்டாம்.

தண்ணீரை ஒரு முறையாவது சோதியுங்கள். குடிநீருக்கான இந்தியத் தர அளவு லிட்டருக்கு ஆர்சனிக் 0.01, ஈயம் 0.01, காட்மியம் 0.003, பாதரசம் 0.001 மி.கி. வைக்கோல் வேகவைக்கும் டிரம் முன்பு என்ன சுமந்தது என்று தெரியாவிட்டால் அதைப் பயன்படுத்தாதீர்கள். வளர்ப்பறையில் பழைய குழல்விளக்கு இருந்தால் எடுத்துவிட்டு எல்இடி மாட்டுங்கள், உடைந்தால் பாதரசம் பைகளின் மேல் விழும்.

உலர்த்துவது மூடிய உலர்த்தியில், 50 முதல் 60 டிகிரியில். சாலையோரக் களத்தில் காயப்போட்டால் அதுவரை பட்ட பாடு வீண். அரைக்க மிளகாய், மஞ்சள் அரைக்கும் பொது மில்லுக்குக் கொண்டுபோகாதீர்கள். ரெய்ஷி கட்டை போல் கடினம், மில்லின் தேய்ந்த சுத்தியல்களிலிருந்து குரோமியமும் நிக்கலும் இறங்கும். நிறத்துக்காக ஈயக் குரோமேட் கலந்த மஞ்சள் முன்பு அதில் அரைபட்டிருந்தால் ஈயமும் சேரும்.

சோதனைக்கு மாதிரி எப்படி அனுப்புவது?

ஒரே பையிலிருந்து எடுக்காதீர்கள். ஒரு தொகுதியில் பத்துப் பைகளிலிருந்து சம அளவு எடுத்துக் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பகுதிகளைச் சேர்த்து, 100 முதல் 200 கிராம் வரை புது ஜிப் கவரில் போடுங்கள். அரைக்காத காளான் ஒரு கவர், அதே தொகுதியின் பொடி இன்னொரு கவர் என்று இரண்டையும் அனுப்புவது மிகப் பயனுள்ளது. முழுக் காளானில் ஈயம் குறைவு, பொடியில் அதிகம் என்று வந்தால் குற்றவாளி அரைக்கும் இயந்திரம். இரண்டிலும் அதிகம் என்றால் வளர்ப்பு ஊடகத்தையும் தண்ணீரையும் சோதிக்க வேண்டும்.

ஆய்வகத்திடம் அளவீட்டு எல்லையையும், சேர்த்துப் பார்த்த மீட்சி சதவீதத்தையும் அறிக்கையில் போடச் சொல்லுங்கள். தெரிந்த அளவு உலோகத்தைச் சேர்த்துவிட்டு அளந்தால் எத்தனை சதவீதம் திரும்பக் கிடைக்கிறது என்பதுதான் அது. 80க்குக் கீழோ 120க்கு மேலோ போனால் மறுசோதனை கேளுங்கள்.

பல மாதமாகச் சாப்பிட்டுவிட்டேன். என்ன சோதனை செய்வது?

முதலில் நிறுத்துங்கள், மிச்சப் பொடியைத் தொகுதி எண்ணோடு பத்திரமாக வையுங்கள். இரத்த ஈயம், சிறுநீரில் காட்மியமும் ஆர்சனிக்கும், கூடவே கிரியேட்டினினும் சிறுநீர்ப் புரதமும் பார்க்க மருத்துவரிடம் கேளுங்கள். ஆர்சனிக் சோதனைக்கு முன் மூன்று நான்கு நாள் மீன், இறால், நண்டு வேண்டாம். இல்லையென்றால் கடல் உணவின் தீங்கற்ற ஆர்சனிக் எண்ணை ஏற்றிக் காட்டி வீண் பயம் தரும்.

முடி சோதனையை நம்பிச் செலவு செய்யாதீர்கள். மருந்து கொடுத்துவிட்டுச் சிறுநீர் எடுக்கும் "தூண்டல் சோதனை"யும் வேண்டாம். உலோகத்தை இழுக்கும் மருந்தைக் கொடுத்தால் யாருக்கும் எண் கூடத்தான் செய்யும், அந்த எண்ணை ஒப்பிட முறையான அளவுகோல் இல்லை. அதைக் காட்டிச் செலேஷன் சிகிச்சைக்கு அழைத்தால் மறுத்துவிட்டு, நச்சியல் தெரிந்த மருத்துவரைப் பாருங்கள்.

நிறுத்திய பின் இரத்த ஈயம் சுமார் ஒரு மாதத்தில் பாதியாகக் குறையத் தொடங்கும். எலும்பில் சேர்ந்தது இருந்தால் இறக்கம் மெதுவாக இருக்கும். ஆகவே முதல் சோதனைக்கு ஒன்று முதல் மூன்று மாதம் கழித்து, அதே ஆய்வகத்தில் மறுபடி எடுங்கள்.